நகரின் நடுவிடம் யாருடையது?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வடமராட்சியிலோ தென்மராட்சியிலோ வாழும் ஒருவர் காலையில் வெளிக்கிடும்போது, "ரவுணுக்குப் போட்டு வாறன்" என்று வீட்டாரிடம் சொல்லிச் செல்வது வழக்கம். எந்த ரவுண் என்று எவரும் கேட்பதில்லை. குடாநாட்டுக்கு ரவுண் ஒன்றே. அச்சொல்லால் அவர் குறிப்பது ஏறக்குறைய 20 சதுரக் கிலோமீற்றர் பரந்த மாநகர எல்லை முழுவதையும் அன்று. ஆஸ்பத்திரி வீதி, கஸ்தூரியார் வீதி, பஸ் நிலையம், நவீன சந்தை, பெரியகடை, மணிக்கூட்டுக் கோபுரம், பொது நூலகம், முற்றவெளி, கோட்டை என்பன அடங்கிய ஒரு சிறு வட்டத்தையே அவர் கருதுகிறார். நோய்க்கு வைத்தியம் தேடுவோரும், கலியாணத்துக்குத் தாலிக்கொடி செய்விப்போரும், பிள்ளைக்குப் பாடப்புத்தகம் வாங்குவோரும், கொழும்புக்குப் பஸ் ஏறுவோரும் அவ்வட்டத்துக்குள்தான் வந்து சேர்கிறார்கள்.

இச்சிறு வட்டத்தை மீண்டும் செழிக்கச் செய்வது எப்படி என்னும் கேள்வி, போர் ஓய்ந்த 2009 ஆம் ஆண்டு முதல் பலராலும் கேட்கப்பட்டு வருகிறது. வீதிகள் அகலிக்கப்பட்டன, கட்டடங்கள் எழுந்தன, பணமும் பல திசைகளிலிருந்து வந்தது. ஆயினும், இந்நடுவிடம் எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதில் ஊராரிடையே ஒரு பொது நோக்கு உருவாயிற்றா என்றால், ஆம் என்று விடை சொல்வது எளிதன்று. ஒரு நகரைக் கட்டுவது வேறு. அந்நகரைப் பற்றி ஒருமனப்படுவது வேறு. பின்னையதே கடினமானது, முன்னதாகச் செய்யப்பட வேண்டியதும் அதுவே.

யாழ்ப்பாணத்தின் நடுவிடம் தோன்றிய வரலாற்றைப் பார்த்தால் இந்தக் கடினத்தின் வேர் ஓரளவு விளங்கும். 1619 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. நல்லூரில் இருந்த ஆட்சித் தலைமை கடல்நீரேரிக் கரைக்கு இறங்கிவந்தது. 1658 இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றிப் பின்னர் அதனை ஐங்கோண வடிவில் புதுக்கிக் கட்டினர். கோட்டைக்கு வெளியே, பகைவர் மறைந்துவர இடமின்றி விடப்பட்ட வெட்டவெளிதான் இன்று மக்கள் மாலையில் காற்று வாங்கும் முற்றவெளி. ஆங்கிலேயர் காலத்தில், 1829 முதல் 1867 வரை வட மாகாண அரசாங்க அதிபராக விளங்கிய டைக் துரையின் நாளில் ஆஸ்பத்திரியும் பழைய பூங்காவும் தோன்றின. 1875 இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் ஞாபகமாக மணிக்கூட்டுக் கோபுரம் எழுந்தது. 1905 இல் கொழும்பு முதல் காங்கேசன்துறை வரை புகையிரதப் பாதை நிறைவெய்தியது. இவை யாவும் நகருக்கு நன்மை செய்தன என்பதில் ஐயமில்லை. எனினும், இங்கே வாழ்ந்த மக்களைக் கேட்டு இவை அமைக்கப்பட்டனவல்ல. மேலிருந்து வந்த திட்டத்தைக் கீழிருந்தோர் பயன்படுத்திக்கொண்டனர்.

ஊரவரே கூடி எண்ணி, ஊரவரே பொருள் சேர்த்து, நடுவிடத்தில் ஒன்றை நிறுவிய வரலாறும் யாழ்ப்பாணத்துக்கு உண்டு. அதுவே பொது நூலகத்தின் வரலாறு. 1933 ஆம் ஆண்டில் கே. எம். செல்லப்பா என்னும் அன்பர் தமது வீட்டிலிருந்து நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அம்முயற்சியைக் கண்ட பெரியோர் பலர் ஒன்றுசேர்ந்தனர். 1934 ஓகஸ்ட் முதலாந் திகதி, ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையில், 844 நூல்களோடு நூலகம் தொடங்கிற்று. பட்டினம் 1949 இல் மாநகர சபையாக உயர்ந்தபின், முதலாவது முதல்வராகிய சாம் சபாபதி அவர்களின் காலத்தில், தக்கதொரு கட்டடம் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. லோங் அடிகளார் அதற்கு உறுதுணையானார். களியாட்ட விழாக்கள் நடத்தியும் நன்கொடை திரட்டியும் பணம் சேர்க்கப்பட்டது. நூலகத் துறையில் பேரறிஞராகிய இரங்கநாதன் அவர்களின் ஆலோசனை பெறப்பட்டது. சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிடச் சிற்ப முறையில் படம் வரைந்தளித்தார். 1954 இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. 1959 ஒக்டோபர் 11 ஆந் திகதி கட்டடம் திறக்கப்பெற்றது.

வீட்டு அலமாரியில் தோன்றிய எண்ணம் மாளிகையாக எழுவதற்கு 26 ஆண்டுகள் சென்றன. இத்தாமதத்தைக் குறையென்று கருதலாகாது. அக்கால் நூற்றாண்டில் பெரும் பகுதி செங்கல் அடுக்குவதில் கழியவில்லை. மனங்களை ஒன்றுசேர்ப்பதிலேயே கழிந்தது. ஆகவேதான் கட்டடம் எழுந்தபோது, அது மாநகர சபையின் கட்டடம் என்று எவரும் சொல்லவில்லை; எங்கள் நூலகம் என்றே சொன்னார்கள். 1981 மே 31 ஆந் திகதி இரவு தீ மூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏட்டுச் சுவடிகளும் சாம்பலானபோது, நூலகத்தின் வாசலையே மிதித்திராதவர்களும் கலங்கியமைக்குக் காரணம் அந்த உரிமையுணர்வேயாம். அவ்விரவுகளில் கடைவீதியும் எரிந்தது. கடைகளைப் பின்னர் கட்டிக்கொண்டார்கள். நூலகத்தின் இழப்போ தலைமுறைகளுக்கு மறவாத துயராயிற்று.

அதன்பின் வந்த ஆண்டுகள் நடுவிடத்தை இன்னும் கொடிதாக வாட்டின. 1990 இல் கோட்டையைச் சூழ்ந்து நிகழ்ந்த போரில் அதனை அடுத்திருந்த வீதிகள் இடிபாடுகளாயின. நகர மண்டபமும் அழிந்தது. மாநகர சபையே நடுவிடத்தை விட்டு நல்லூர்ப் பக்கத்தில் அலுவல் நடத்த நேர்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, 70,000க்கு மேற்பட்டோர் வீடு வாசல் துறந்து சென்றனர். தலைமுறை தலைமுறையாக யாழ் நகரில் வியாபாரமும் தொழிலும் நடத்திய குடும்பங்கள் சில மணி நேரத்தில் இல்லாமற் போயின. 1995 ஒக்டோபர் இறுதியில் நகர் முழுவதுமே இடம்பெயர்ந்தது. 1981 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாநகரின் மக்கட்டொகை 118,224. 2012 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 88,138. முப்பதாண்டில் வளர வேண்டிய நகர் கால் பங்கு சுருங்கிவிட்டது. போனவர்களில் பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்கின்றனர். நடுவிடத்தில் உள்ள காணிகள் சிலவற்றின் உறுதிகள் இங்கே இருக்க, அவற்றில் கையெழுத்திட வேண்டியவர்கள் கடல் கடந்து இருக்கிறார்கள்.

இந்நிலையில் மீளக் கட்டும் பணி தொடங்கிற்று. நூலகத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். 1990களின் இறுதியில் அரசாங்கம் புத்தகமும் செங்கல்லும் சேர்க்கும் இயக்கம் ஒன்றை நடத்தி அதனைப் புதுக்கத் தொடங்கிற்று. எரிந்த சுவர்களை அப்படியே நினைவுச் சின்னமாக விட்டுவிட வேண்டும் என்றார் சிலர். வெள்ளையடித்துவிட்டால் நடந்த கொடுமை மறைந்துவிடும் என்பது அவர்கள் அச்சம். பிள்ளைகள் படிப்பதற்கு இடம் வேண்டும், ஆதலால் விரைவில் கட்டுக என்றார் வேறு சிலர். இருசாராரும் நூலகத்தை நேசித்தவர்களே. கட்டடம் முடிந்தது. ஆயின், 2003 பெப்ரவரியில் நடைபெறவிருந்த திறப்பு விழா எதிர்ப்புக் காரணமாக நடைபெறாமலே நின்றது. மாநகர சபை உறுப்பினர் பலர் பதவி துறந்தனர். பின்னர் ஆரவாரமின்றி வாசகர்க்குக் கதவு திறந்தது. சுவர் ஆயத்தமாயிருந்தும் மனம் ஆயத்தமாகாவிடின் யாது நேரும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

அண்மைக் காலத்து உதாரணம் ஒன்றும் உண்டு. நூலகத்துக்கு அருகே இந்திய அரசின் நன்கொடையாகப் பல மாடிகளுடன் ஒரு கலாசார நிலையம் எழுந்து, 2023 பெப்ரவரியில் மக்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அரங்கும் அரும்பொருட்சாலையும் அமைந்த அழகிய கட்டடம் அது. எனினும் அதனை நடத்தும் பொறுப்பு யாருடையது, செலவை மாநகர சபையால் தாங்க முடியுமா என்னும் வினாக்கள் கட்டடம் எழுந்தபின்னரே எழுந்தன. 2025 சனவரியில் அதற்குத் திருவள்ளுவரின் பெயர் சூட்டப்பட்டது. வள்ளுவரை வேண்டாம் என்று சொல்லும் தமிழர் எவருமிலர். ஆயினும் யாழ்ப்பாணம் என்னும் ஊர்ப்பெயர் நீங்கிவிட்டதே என்று மக்கள் மனம் வருந்தினர், கண்டனமும் எழுந்தது. பின்னர் ஊர்ப்பெயரும் சேர்க்கப்பட்டது. கொடுத்தவர் நல்லெண்ணத்துடன் கொடுத்தார்; பெற்றவர் நன்றியுடன் பெற்றார்; இடையில் கேட்கப்படாமல் போனது ஊரார் கருத்து ஒன்றே.

பஸ் நிலையத்தின் கதையும் இத்தகையதே. நெடுந்தூரப் பயணிகளுக்கென நகரில் புதியதொரு நிலையம் கட்டப்பட்டது. தனியார் பஸ்களும் அரச பஸ்களும் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டால் பயணிக்கு வசதி என்பது அதன் நோக்கம். பழைய மத்திய நிலையத்தை விட்டு வருவதற்கு இலங்கைப் போக்குவரத்துச் சபையார் இசையவில்லை; தங்கள் வருமானமும் உரிமையும் குறையும் என்பது அவர்கள் வாதம். பழைய நிலையத்தைச் சுற்றியுள்ள தேநீர்க் கடைக்காரரும் பழ வியாபாரியும், பஸ் போனால் தம் பிழைப்பும் போகும் என்று கருதுவது இயல்பு. மூட்டையோடு ஒரு நிலையத்திலிருந்து மற்றொன்றுக்கு நடக்கும் கிழவியின் கட்சியைப் பேசுவதற்கு மட்டும் சங்கம் ஏதும் இல்லை.

இத்தகைய பிணக்குகளுக்குத் தனிமனிதரின் பிடிவாதம் ஒன்றே காரணமாகாது. அச்சிறு வட்டத்துக்குள் அதிகாரம் எத்தனை கூறாகப் பிரிந்து கிடக்கிறது என்று நோக்க வேண்டும். கோட்டை தொல்லியல் திணைக்களத்தின் பாதுகாப்பில் உள்ளது. பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் இயங்குகிறது. நிலப் பயன்பாட்டை வகுக்கும் அதிகாரம் நகர அபிவிருத்தி அதிகார சபைக்கு உண்டு. சந்தையும் உள்வீதிகளும் குளங்களும் வடிகால்களும் மாநகர சபையின் பொறுப்பு. கோயில்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் தேவாலயங்களுக்கும் சொந்தமான காணிகள் உண்டு. எஞ்சியவை தனியார் கடைகள். ஒவ்வொருவரும் தத்தம் எல்லைக்குள் நல்லதையே செய்யலாம். ஒருவர் வீதியை உயர்த்திப் போட, அடுத்தவர் வடிகால் அதற்குக் கீழே அமிழ, கார்த்திகை மார்கழி மழையில் வெள்ளம் கடைக்குள் புகுவதும் அதன் விளைவாக நேரலாம். தனித்தனியே நல்லவை யாவும் கூடி நன்மையாவதற்கு ஒரு பொது எண்ணம் வேண்டும்.

அத்தகைய பொது எண்ணத்தை வளர்க்கும் வழியை, நகரமைப்புக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான பற்றிக் கெடிஸ் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் நூறாண்டுக்கு முன்னரே காட்டியுள்ளார். 1914 இல் சென்னை ஆளுநர் பென்ற்லண்ட் பிரபுவின் அழைப்பில் அவர் இந்தியாவுக்கு வந்தார். அவர் தயாரித்திருந்த நகரக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை, சென்னை மீது குண்டு வீசிய அதே எம்டன் கப்பல் கடலில் மூழ்கடித்துவிட்டது. அவர் சோர்வடையாமல் புதிதாகப் படங்கள் சேர்த்துச் சென்னையில் கண்காட்சி நடத்தினார். தமிழ்நாட்டு நகரங்கள் பலவற்றின் வீதிகளில் கால்நடையாகவே திரிந்து அறிக்கை எழுதினார். 1921 இல் கொழும்பு நகருக்கும் ஓர் அறிக்கை அளித்தார். நோயறிந்த பின்னரே சிகிச்சை என்பது அவர் கொள்கை. நேர்கோட்டு வீதிக்காக நூறு வீடுகளை இடிப்பதிலும், பாழடைந்த சிலவற்றை மட்டும் அகற்றி, கிடைத்த இடத்தில் மரம் நட்டுக் கிணற்றைத் திருத்துவதே மேல் என்று அவர் தஞ்சாவூருக்கு எழுதிய அறிக்கையில் காட்டினார். செலவும் அதில் மிகக் குறைவு.

இந்தூரில் அவர் செய்தது இன்னும் சுவையானது. அந்நகரில் கொள்ளைநோய் பரவியிருந்தது. வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் வரைபடத்துடன் தெருத்தெருவாகத் திரிவதைக் கண்ட மக்கள், நோயைக் கொண்டுவருபவரே இவர்தாம் என்று அஞ்சினர். கெடிஸ் சொற்பொழிவு செய்து அவ்வச்சத்தைப் போக்க முயலவில்லை. 1917 ஆம் ஆண்டுத் தீபாவளி ஊர்வலத்தைத் தம் பொறுப்பில் நடத்த மன்னரிடம் அனுமதி பெற்றார். ஊர்வலம் வழக்கமான வீதிகளில் செல்லாது. எந்த வீதியார் தம் வீடுகளைத் திருத்தித் துப்புரவு செய்து வைத்திருக்கிறார்களோ அந்த வீதிகளின் வழியே செல்லும் என்று அறிவித்தார். வீதிக்கு வீதி போட்டி மூண்டது. வண்டி வண்டியாகக் குப்பை அகன்றது. ஊர்வலத்தில் பெரிய எலியுருவம் ஒன்றும் இழுத்துவரப்பட்டது. அந்நாளுக்குப் பிறகு அவர் மக்களுக்கு அந்நியராகத் தோன்றவில்லை. திட்டத்தை மக்கள்மேல் சுமத்தாமல், மக்கள் ஏற்கெனவே போற்றும் ஒன்றோடு திட்டத்தை இணைத்தார் என்பதே இதிலுள்ள நுட்பம்.

போரில் அழிந்த நகரங்கள் யாவும் ஒரே வழியில் எழவில்லை என்பதும் நினைக்கத்தக்கது. இங்கிலாந்தின் கொவன்றி நகரம் 1940 நவம்பரில் குண்டு வீச்சால் அழிந்தபின், பழையதை விடுத்து, வாகனம் புகாத கடைவீதிகளுடன் புதியதொரு நடுவிடத்தை அமைத்துக்கொண்டது. போலந்தின் வார்சா நகரமோ, தரைமட்டமான தன் பழைய நகரைப் பழைய ஓவியங்களைப் பார்த்து முன்னிருந்தபடியே எழுப்பிற்று. 1980 இல் அது உலக மரபுச் சின்னமாகவும் ஏற்கப்பட்டது. புதுமையும் பழமையும் இருவேறு வழிகள். இரண்டில் எது சரி என்பதைப் பொறியியல் தீர்மானிப்பதில்லை. அந்நகரத்தார் தம்மை யாரென்று கருதுகிறார்கள் என்பதே தீர்மானிக்கிறது.

யாழ்ப்பாணத்தார் தம் நடுவிடத்தை எவ்வாறு காண விரும்புகின்றனர்? இதனை அறிய முதலில் செய்ய வேண்டியது கணக்கெடுப்பு. ஒரு நாளில் எத்தனை பேர் எந்த ஊரிலிருந்து, எக்காரியமாக, எவ்வழியே வருகிறார்கள், எத்தனை நேரம் வெயிலில் நிற்கிறார்கள், மாலையில் எத்தனை மணிக்கு வீதி வெறிச்சோடுகிறது என்பனவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பள்ளி மாணவரே இதனைச் செய்யலாம். எண்ணிக்கை முன்னே இருக்கும்போது வாதத்தின் சூடு தணியும்.

அடுத்தது, எவருக்கும் பகையாகாத சிறிய காரியங்களை முதலில் செய்தல். நிழல் தரும் மரம், தடங்கலற்ற நடைபாதை, சுத்தமான கழிப்பிடம், அடைபடாத வடிகால், இரவில் எரியும் விளக்கு ஆகிய இவற்றை வேண்டாம் என்று சொல்லும் கட்சி எதுவுமில்லை. உலக வங்கியின் உதவியோடு நடந்த மூலோபாய நகரங்கள் அபிவிருத்தித் திட்டத்தில் பழைய பூங்காவும் வீதிகளும் திருத்தப்பட்டன; 2021 இல் ஆரியகுளம் சீர்பெற்று மக்கள் உலவும் இடமாயிற்று. வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் குளம் என்பது அழகுக்கு மட்டும் உரியதன்று. மழைநீரை ஏந்தி, சுண்ணக்கல்லின் ஊடே நிலத்தடிக்கு இறக்கி, வீட்டுக் கிணறுகளைக் காப்பதும் அதுவே. நகரை அழகுபடுத்துவதும் குடிநீரைக் காப்பதும் இங்கே ஒரே வேலையாகின்றன.

மூன்றாவதே மிக அருமையானது. கூடிப் பேசும் சபையில் யாருக்கு இடம் உண்டு என்பது அது. நிரந்தரக் கடைக்காரருக்கு இடம் உண்டெனின், அவர் வாசலில் பாய் விரித்து விற்கும் நடைபாதை வியாபாரிக்கும் இடம் வேண்டும். காணி உரிமையாளர் கடல் கடந்து இருப்பினும் அவர் கருத்துக் கேட்கப்படல் வேண்டும். அதே வேளையில், வாடகைக்கு இருந்து கடையை உயிரோடு வைத்திருப்பவர் விலையேற்றத்தால் துரத்தப்படாமலும் இருத்தல் வேண்டும். குருநகர்க் கடற்றொழிலாளியின் மீனும் தீவுப்பகுதிக் கமக்காரரின் விளைபொருளும் வந்து சேரும் சந்தை பற்றிய முடிவில் அவர்கள் இல்லாதிருப்பது முறையன்று. 1990 இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் ஒரு பகுதியினரே மீண்டு வந்துள்ளனர். அவர்களையும் அச்சபையில் அமர்த்தாமல் எழுதப்படும் திட்டம், எத்துணை அழகாக அச்சிடப்பட்டாலும், ஒரு பக்கம் கிழிந்த புத்தகமேயாகும்.

இத்தனை பேரும் கூடினால் முடிவு காண முடியுமா, காலதாமதமாகாதா என்று கேட்கலாம். தாமதமாகும் என்பது மெய்யே. ஆயினும் கூடாமல் எடுத்த முடிவுகள் விரைந்தனவா? கட்டிய நிலையத்துக்குப் பஸ் வரவில்லை; ஆயத்தமான நூலகத்துக்குத் திறப்பு விழா நடக்கவில்லை; எழுந்த மண்டபத்தின் பெயர் மாறி மாறி வந்தது. தாமதம் இரண்டிடத்திலும் உண்டு. முன்னே தாமதித்தால் செலவாவது பேச்சு. பின்னே தாமதித்தால் வீணாவது பணமும் நம்பிக்கையும்.

அழிந்த நகர மண்டபம் இருந்த இடத்திலே புதிய மண்டபத்துக்கு 2019 இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. மாநகர சபை மீண்டும் நடுவிடத்துக்குத் திரும்புவது நல்ல அறிகுறியே. அம்மண்டபத்தில் முதன்முதல் கூடும் சபைக்கு, வீட்டு அலமாரியிலிருந்து நூல்களை இரவல் கொடுத்த மனிதரின் வழி நினைவிருக்குமாயின், வேலையில் பாதி முடிந்ததாகக் கொள்ளலாம். ஒருவர் தொடங்கினார், பலர் சேர்ந்தனர், ஊர் தனதென்றது, கட்டடம் அதன் பின்னரே எழுந்தது. அந்த ஒழுங்கு மாறாதிருக்கும் வரை, காலையில் ரவுணுக்குப் புறப்படுபவர் தமக்குரிய இடத்துக்கே செல்கிறார் என்று சொல்லலாம்.